துணைநூல் பட்டியலில் ஒரு கைங்கரியம்

ஆண்டவன் துணை

அன்புத் தம்பிக்கு அக்கா ஆசியோடு எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் நலம். உன் முதுகுவலியும் உன் மனைவியின் மூக்கடைப்பும் உங்களை விட்டு ஒழியவேண்டும் என்று தினமும் கும்பிடும்போது சொல்லிவைக்கிறேன்.

நிற்க. போன முறை வந்தபோது என் மகள், அதாவது உன் மருமகளின் லேப்டாப்பில் கட்டுரைகளை அடுக்கிவைக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டு, “இனிமே கவலையில்லக்கா, துணைநூல் பட்டியலைக்கூட அதுவே போட்டுக் குடுத்துடும்” என்று சொல்லி ரயிலேறிவிட்டாய். அதற்கு முன் அவள் கோப்புகளுக்குப் பெயர் வைத்திருந்த லட்சணம் உனக்கே தெரியும்: ‘கடைசி’, ‘கடைசிக்கும் கடைசி’, ‘நிஜமாவே கடைசி’. சுவரில் ஈரம் ஏறுவதை ஆராய்கிற பெண்ணுக்குத் தலையணைதான் நனைந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டின் வரைவு நெறியாளர் கைக்குப் போகாவிட்டால் பதிவே ரத்தாம். “விட்டுடறேம்மா, எனக்கு இது சரிப்படாது” என்றாள். பெற்ற மனம் கேட்குமா? “நீ எழுதுடி, அடுக்குற வேலைய நான் பாத்துக்கறேன்” என்று அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சீட்டு ஒட்டாமல் நான் எந்த டப்பாவையும் மூடுவதில்லை. ‘பழசு, முதலில் தீர்க்கவும்’, ‘வண்டு வரும், அடிக்கடி பார்க்கவும்’. இந்த மென்பொருளிலோ ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழேயும் குறிப்புக்கென்று ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது. என் கை சும்மா இருக்குமா? கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். ‘இவர் ஊரையெல்லாம் சுற்றிவிட்டு ஈரம் ஈரம்தான் என்கிறார்.’ ‘இவருக்கும் மேலே உள்ளவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது, பக்கத்தில் வைக்கவேண்டாம்.’ நெறியாளர் எழுதிய கட்டுரைக்குக் கீழே, நல்லெண்ணத்தில்தான், ‘இவரை முதலில் வைக்கவும், பின்னால் போட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வார்’ என்று எழுதினேன். உன் மருமகள் கடைசி நேர அவசரத்தில், பட்டியலைக் குறிப்புகளோடு சேர்த்து எடுக்கும் பொத்தானை அழுத்தி அப்படியே அனுப்பிவிட்டாள்! ஒவ்வொரு அறிஞர் பெயருக்கும் கீழே உன் அக்காவின் சீட்டு.

“அம்மா! என்னம்மா இதெல்லாம்?”

“ஏன்டி, தப்பா ஏதாவது எழுதிட்டேனா?”

“தப்பா எழுதியிருந்தாக்கூடப் பரவாயில்லயேம்மா!”

அதற்குள் போன். நெறியாளர். அவள் பதற்றத்தில் எதையோ அழுத்த, ஸ்பீக்கர் உயிர்பெற்றது. “என்னைப் பத்தி எழுதியிருக்கறது யாரு?” என்றார். “எங்க... எங்கம்மா சார்.” “நான் முகத்தைத் தூக்கிக்குவேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?” எனக்கு வாய் நிற்கவில்லை. “எங்க வீட்டுக்காரரும் அப்படித்தாங்க” என்றேன். அந்தப் பக்கம் பெரிய இருமல். பாவம், சளி போலிருக்கிறது என்று நினைத்தேன். இருமல் இல்லையாம், சிரிப்பாம். அவர் சிரித்து இதுவரை யாரும் கேட்டதில்லையாம். பிறகு, “வரைவு நல்லாவே இருக்கும்மா. நாலாவது அத்தியாயத்தை மட்டும் கொஞ்சம் இழுத்துக் கட்டுங்க. குறிப்பையெல்லாம் எடுத்துட்டுத் திங்கக்கிழமை அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுடறேன்” என்றார்.

நேற்றே எல்லாக் குறிப்பையும் நானே உட்கார்ந்து அழித்துவிட்டேன். இன்று திங்கள். உன் மருமகள் நாலாவது அத்தியாயத்தை முடித்துவிட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறாள், வந்ததும் அனுப்பப்போகிறாள். இனி அந்த மென்பொருளை விரலாலும் தொடமாட்டேன் என்று ஆண்டவனிடம் சொல்லிவிட்டேன். என் எழுத்து ஒரு வரிகூட இனி அந்த நெறியாளர் கண்ணில் படாது. நல்ல மனுஷர்தான். புகைப்படத்தில் பார்த்தேன், காதில் வளர்ந்த முடியை வெட்டிக்கொண்டால் பத்து வயது குறைவார்.

உங்கள் வீட்டில் நிம்மதி நிறையட்டும், முதுகு நிமிரட்டும், மூக்கு திறக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதை மட்டும் பேனாவால் எழுதுகிறேன். கடிதம் அடிக்க வேறு இடம் தெரியாமல் அந்த மென்பொருளிலேயே ஒரு காலிக் கட்டத்தில்தான் மேலே உள்ளதை அடித்தேன். அச்செடுத்துப் பார்த்தால் உச்சியில் நெறியாளரின் பெயரும் அவர் கட்டுரைத் தலைப்பும் இருக்கின்றன. அதற்குக் கீழே என் கடிதம். ஓடிப்போய்ச் சொல்வதற்குள், “அனுப்பிட்டேம்மா! அதே பொத்தான்தான். குறிப்பையெல்லாம்தான் நீ அழிச்சிட்டியே!” என்கிறாள். போன் அடிக்கிறது. அந்த இருமல் மட்டும் கேட்டுவிட்டால் போதும். நீயும் கொஞ்சம் வேண்டிக்கொள்.