கண்ணாடி ரவை

அஸ்தினாபுரம் எலியேசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதே ஓய்வெடுக்கத்தான். அந்த விவரம் அவர் மனைவி ஜெயசீலிக்கு எட்டவில்லை. அவள் கண்ணாடி விழுதில் அலங்காரப் பொருள் செய்யக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். பாட்டிலை உடைத்து, இடித்து, கோந்து விட்டுக் குழைத்து, அச்சில் அப்பிச் சூளையில் வைத்தால் கிண்ணமாக உருகி வரும். கற்றது அவள். இடிப்பது அவர். மூக்கின் மேலும் கண்ணாடி, உரலுக்குள்ளும் கண்ணாடி. தோள்பட்டை இரண்டும் கழன்று விழாததுதான் பாக்கி.

ஒருநாள் தீர்மானித்தார். வேலையைக் கெடுத்தால் வேலை தர மாட்டார்கள். ஆபீசில் எத்தனையோ பேர் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்கள்.

"என்னங்க, விளக்குக் கிண்ணத்துக்கு மைதா மாதிரி நைசா வேணும்."

"சரிம்மா."

ரவை பதத்திலேயே நிறுத்திவிட்டார். ஜெயசீலி கரண்டியால் கிளறிப் பார்த்தாள்.

"நைசா இடிச்சீங்களா?"

"பார்த்தா எப்படித் தெரியுது?"

"நல்லாத்தான் தெரியுது" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சூளை ஆறிக் கிண்ணம் வந்தது. உள்ளே பல்பைப் போட்டதும் ஹால் முழுக்கப் பச்சை வெளிச்சம் தண்ணீர் போல அலைந்தது. மாடிவீட்டு எப்சி பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, என் நாத்தனார் கல்யாணத்துக்கு ஒரு வெள்ளை லில்லிப் பூ செஞ்சு தாங்க."

எலியேசருக்குக் கண்ணை இருட்டியது.

"பூவுக்கு ரவை போதும்" என்றாள் ஜெயசீலி அவரிடம். "நைசா இடிச்சிடாதீங்க. பூவே பாழாயிடும்."

பாழாகட்டும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உரலுக்கு முன்னால் உட்கார்ந்தார். இடித்தார், சலித்தார், சலித்ததை மறுபடி இடித்தார். பணியிலிருந்த காலத்தில்கூட இத்தனை சிரத்தையாக உழைத்ததில்லை. பொடி விபூதி மாதிரி வழுக்கியது. கையைத் தூக்க முடியாமல், தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போனார். உள்ளே பேச்சுக் குரல்.

"இதழ் பால் மாதிரி மங்கலா வரணும் எப்சி. அதுக்கு மைதா மாதிரி பொடி வேணும். வெளிச்சம் ஊடுருவணும்னாத்தான் ரவை."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?"

"சொல்லிட்டேனே. ரவைதான் வேணும்னு."

"ரவையா?"

"முப்பது வருஷமா அவரோட குடும்பம் நடத்தறேன். இந்நேரம் மைதா ரெடியாயிருக்கும், போய் எடுத்துட்டு வா."