நான் மஞ்சள் தடவிய நோட்டீசு

கெட்ட சேதியை நயமாக எழுதும் வேலையைத் தமிழ்ப் பித்துப் பிடித்தவனிடம் கொடுக்கவே கூடாது. தாள் முழுக்க நயம் இருக்கும். சேதி மட்டும் இருக்காது. அந்தப் பித்தன் நான்தான்.

மலாயாவில், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். (கிராணி என்றால் ஆபீஸ் குமாஸ்தா. தலையில் தொப்பி, காலில் சப்பாத்து, வாயில் செந்தமிழ்.) வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று ஈப்போ மாமா கறாராகச் சொல்லியிருந்தார். அவர் மகள் செல்லம்மாவை நினைத்தபடியே பேனா பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் துரை கூப்பிட்டார்.

"தோட்டத்துக் கள்ளுக்கடைய மூடப் போறேன். பக்குவமா எழுதி ஒட்டு. நாளைக்கு ஆளுங்க மரத்துல பால் வெட்டப் போகலேன்னா நீ கப்பல் ஏறிடு." (வெள்ளைக்காரர்தான். ஆனால் தமிழில் திட்டவும் மிரட்டவும் மட்டும் சுத்தமாக வரும்.)

எழுதினேன் ஐயா, எழுதினேன்! 'பெருங்கருணை கொண்ட நம் துரையவர்கள், உங்கள் குடும்பங்கள் தழைத்தோங்கும் பொருட்டு மனமுவந்து...' என்று தொடங்கி ஒரு பக்கம். கள்ளுக்கடை கடைசி வரியில் வந்தது. அதுவும் 'இனி ஓய்வு கொள்ளும்' என்று. அதோடு விட்டேனா? பார்ப்பவர் மனம் குளிரட்டும் என்று, கல்யாணக் கடிதம் மாதிரி நாலு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கொண்டுபோய் ஒட்டினேன். புத்தி கெட்ட ஜென்மம்!

லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்த ஜனங்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. மஞ்சள் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் கங்காணி முனியாண்டி, இரண்டு வரியிலேயே மூச்சு வாங்கி நிறுத்திவிட்டு, மஞ்சளைப் பார்த்து முடிவு சொல்லிவிட்டார்:

"நம்ம துரைக்குக் கல்யாணம் லா!"

மறுநாள் பெரட்டுக்கு வந்த துரையை மேளம் வரவேற்றது. பெண்கள் குலவையிட்டார்கள். செம்பருத்தி மாலை கழுத்தில் விழுந்ததும் துரை அதைவிடச் சிவந்து போனார்.

"பொண்ணு எந்த ஊருங்க துரை?" என்றார் கங்காணி.

"கல்யாணத்துக்குக் கள்ளு சும்மாதானே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

துரை என்னைப் பார்த்தார். செல்லம்மா வேறு எவனுக்கோ மாலையிடுவது கண்ணில் தெரிந்தது. கற்ற செந்தமிழ் அத்தனையும் என்னைக் கைவிட்டு ஓடிப்போனது.

"கல்யாணமும் இல்ல, கருமாதியும் இல்ல! கள்ளுக்கடைய மூடுறாங்க!" என்று கத்தினேன்.

மேளம் நின்றது. மாரிமுத்து என்ற பால்வெட்டுக்காரன் வாளியைத் தூக்கிக் கீழே போட்டான்.

"கடை இல்லேன்னா வேலையும் இல்ல, கிராணியாரே!"

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது கிளம்பியது பாருங்கள் ஒரு குலவை! முன்னதெல்லாம் வெறும் முனகல். பெண்கள் துரையின் கழுத்தில் இன்னொரு மாலையைப் போட்டார்கள். மாரிமுத்துவின் மனைவி வாளியை எடுத்துப் புருஷன் கையில் திணித்தாள்.

"வெட்டப் போறியா, இல்ல நான் கூட வரவா?"

ஒருத்தர் பாக்கியில்லாமல் வேலைக்குப் போனார்கள்.

என் வேலை நிலைத்தது. செல்லம்மாவும் வந்தாள். ஆனால் அவளுக்குத் தாலி ஏறுவதற்கு முன்பே கதை ஈப்போ போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் நான் ஆசையாக, "இந்தச் சேலையில லட்சணமா இருக்கே" என்று ஆரம்பித்தால் போதும், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்:

"சரி, எத மூடிட்டாங்க?"