பதிமூன்று பேருக்கு மேல் எனக்குப் பழக்கமில்லை

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த என் அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் வலது கையைத் தவிர. அங்கே நீயும் அத்தானும் நல்ல உடம்போடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் நீ வெள்ளிக்கிழமை வரை நன்றாக இருந்தால் போதும். சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் உனக்கு ஏதாவது வந்தாக வேண்டும். கோபப்படாமல் கடைசி வரை படி. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் என் போனை என் மகள், உன் அருமை மருமகள், வீடியோ எடுக்க வாங்கி வைத்திருக்கிறாள். அதில் யார் கூப்பிட்டாலும் அவள்தான் எடுக்கிறாள்.

என் மகள் கூரியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு டிஜே ஆகிறேன் என்று கிளம்பியது உனக்குத் தெரியும். விருந்துகளில் ஆட்கள் ஆடுவதற்கு ஒரு பாட்டோடு இன்னொரு பாட்டை ஒட்டு தெரியாமல் ஒட்டிப் போடுகிற வேலை. ஐந்து மாதத்தில் வந்தது இரண்டே புக்கிங், அதில் ஒன்று மழையில் போய்விட்டது. சின்னச் சின்ன வீடியோ போட்டால்தான் ஆள் தேடி வருவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உடனே தினம் ஒன்று, இருபது விநாடி, பாட்டைக் கலக்குகிற மிக்ஸர் பெட்டி மேல் கை மட்டும் தெரிகிற மாதிரி எடுத்துப் போட ஆரம்பித்தாள். முகத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "முகம் காட்டுறவங்க ஆயிரம் பேர் இருக்காங்கப்பா" என்றாள். கையும் எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், என் வீட்டுக்காரி முறைத்ததால் அடக்கிக்கொண்டேன்.

போன மாதம் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு. கை வலிக்கு அழாதவள், "ஒரு வாரம் வீடியோ போடலைன்னா எல்லாரும் என்னை மறந்துடுவாங்கப்பா" என்று அழுதாள். மூன்றாம் நாள் வந்து, "உங்க கையைக் கொஞ்சம் குடுங்கப்பா" என்றாள். பெற்ற பெண் கையைக் கொடு என்று கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? கொடுத்தேன். அன்றைக்குப் பிடித்தது அக்கா எனக்குச் சனியன்.

அவள் இடது கையால் லேப்டாப்பில் பாட்டைப் பார்த்துக்கொள்வாள். அவள் தலையை ஆட்டும்போது நான் ஒரு குமிழைத் திருகி ஒரு பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பாட்டு படிப்படியாக மேலே ஏறிப் போய், நான் அழுத்தியதும் தடாலென்று கீழே விழுமாம். விழுந்தால்தான் ஆடுவார்களாம். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனாலும் செய்தேன். கையில் ஊறிப்போன வழக்கம் ஒன்று உனக்குத் தெரியுமே, கதவு மூடுகிற பட்டனை அழுத்துமுன் ஒரு விநாடி பொறுப்பேன். யாராவது ஓடி வருவார்கள். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் எந்நேரமும் யாராவது ஓடி வந்துகொண்டுதான் இருப்பார்கள். இங்கேயும் அதே மாதிரி, அவள் தலையை ஆட்டினாள், என் கை அந்தரத்தில் ஒரு விநாடி நின்றது. பாட்டும் நின்றது, அறையே நிசப்தம். அப்புறம் அழுத்தினேன், தடால்.

மறுநாள் பொழுது விடிவதற்குள் அதை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். "அந்த ஒரு செகண்ட்ல உயிரே போயிட்டு வந்துச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். போன உயிர் வராமல் இருந்திருந்தால் போலீஸ் யார் வீட்டுக்கு வரும்? எனக்குக் 'கைத்தாத்தா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பேரன் பேத்தி எடுக்காத என்னை ஊரே தாத்தா ஆக்கிவிட்டது.

அன்றிலிருந்து வெளியே தலை காட்டலாம், கை காட்ட முடியாது. மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரைக்குக் கை நீட்டினேன், அந்தப் பெண் என் கட்டைவிரல் தழும்பைப் பார்த்து, "அய்யோ, நீங்களா!" என்று அலறினாள். கடையில் இருந்த அத்தனை நோயாளிகளும் திரும்பினார்கள். மாத்திரையை வாங்காமல் ஓடி வந்துவிட்டேன். பிரஷர் ஏறியதுதான் மிச்சம். அப்புறம் இரண்டு கையையும் பேண்ட் பையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பஸ் திரும்பியபோது பிடித்துக்கொள்ளக் கை இல்லாமல் ஓர் அம்மா மடியில் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா திட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இறங்கும்போது, "கையைப் பாருங்க, அவருதான்!" என்று பின்னால் யாரோ சொன்னார்கள் பார், அதைத்தான் தாங்க முடியாமல் வீடு வரை ஓடினேன். என் வீட்டுக்காரியோ தினம் ராத்திரி என் கைக்கு க்ரீம் தடவுகிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் முகத்தை அவள் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பெரிய கம்பெனியின் மேலாளர் சனிக்கிழமை ஆண்டு விருந்துக்கு உன் மருமகளைக் கூப்பிட்டிருக்கிறார். நன்றாக அமைந்தால் அவர்களுடைய எல்லாக் கிளைகளின் விருந்துக்கும் இவள்தான். ஒரே ஒரு நிபந்தனை, அந்தக் கை நேரில் வர வேண்டும். மேடையில் நான் நிற்க வேண்டும், என் கையைப் பெரிய திரையில் காட்டுவார்களாம். எதிரே நானூறு பேர்.

நானூறு பேர், அக்கா! என் லிஃப்டில் என்னையும் சேர்த்துப் பதிமூன்று பேர்தான், அதற்கு மேல் ஏறினால் மணி அடிக்கும். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றேன். ஓய்வு பெற்ற அன்று என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்களே, என்ன செய்தேன் என்று உன்னிடம்கூடச் சொன்னதில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று நழுவி, லிஃப்டுக்குள் போய், கூட்டம் முடியும் வரை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தேன். மாலையை என் நாற்காலிக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

நேற்று ஒத்திகை பார்க்க அந்த மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். ஸ்பீக்கர் அதிர்ந்ததில் என் பல்செட் தானாகப் பேசியது. அதையும் பொறுத்தேன். திடீரென்று மேடைக்கு அடியிலிருந்து புகை வந்தது. புகை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு வருஷத்துக்கு இரண்டு முறை பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். "யாரும் லிஃப்டுல ஏறாதீங்க! படிக்கட்டு வழியா இறங்குங்க!" என்று கத்தி, நாற்காலி அடுக்கியவர்கள், விளக்கு மாட்டியவர், தரை துடைத்த அம்மா எல்லோரையும் வாசலுக்கு விரட்டிவிட்டேன். அது ஆட்டத்துக்காக விடுகிற புகையாம். மண்டபமே தரைத்தளத்தில்தான் இருக்கிறதாம். இதையும் எடுத்து வீடியோ போட்டுவிட்டார்கள், ஆறு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

நான் சிரிப்பு மூட்ட எழுதவில்லை அக்கா. பயமாக இருக்கிறது. நேற்றிலிருந்து கை நடுங்குகிறது. காபி டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில். இந்தக் கையைத் திரையில் பத்தடிக்குக் காட்டினால் என்ன ஆகும்? எனக்கு மானம் போனால் போகட்டும், இவள் ஐந்து மாதம் காத்திருந்து வந்த ஒரே நல்ல வாய்ப்பு அது. என்னால் கெட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவளிடம் நேராக முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அதனால்தான் உன் காலைப் பிடிக்கிறேன். சனிக்கிழமை காலையில் உடம்பு சரியில்லை, தம்பி உடனே வரட்டும் என்று அத்தானை விட்டுப் போன் செய்யச் சொல். நெஞ்சுவலி வேண்டாம், என் வீட்டுக்காரி ஆம்புலன்ஸோடு வந்துவிடுவாள். சாதாக் காய்ச்சல் என்றால் மாத்திரை போடச் சொல்லிவிடுவாள். தலைசுற்றல் நல்லது, யாராலும் இல்லை என்று நிரூபிக்க முடியாது. சின்ன வயதில் எனக்காக எத்தனை முறை அப்பாவிடம் பொய் சொல்லியிருக்கிறாய், இது ஒன்று.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு எல்லா நலமும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
நடுங்கும் கையோடு உன் தம்பி

பின்குறிப்பு: இது மறுநாள் காலை எழுதுவது. கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், நாலு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை.

உன் மருமகள் என் காபி டம்ளரைக் கவனித்திருக்கிறாள். இன்று காலை பக்கத்து அறையில் அந்த மேலாளரிடம் போனில், "அது எங்க அப்பா கை சார். அவருக்குக் கூட்டம்னா பயம். கூட்டிட்டு வரமாட்டேன். வேற கையோட வரேன், வேணாம்னா விட்டுடுங்க" என்றாள். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு, சரி, வேறு கையே வரட்டும் என்றாராம். தப்பித்தேன் என்று கட்டிலில் கால் நீட்டினேன். பத்து மணிக்குக் கீழ்வீட்டு முடிவெட்டுகிறவர் வந்தார். கை நடுங்காத ஆள்தான். அவள் தலையை ஆட்டினாள், அவர் அந்த விநாடியே பட்டனைக் குத்தினார். மறுபடி ஆட்டினாள், மறுபடி குத்தினார்.

"ஒரு செகண்ட் பொறுத்து அழுத்துங்கண்ணே" என்றாள்.

"எதுக்கும்மா பொறுக்கணும்?"

"யாராச்சும் ஓடி வருவாங்க" என்றாள் உன் மருமகள்.

நான் இதை அவளிடம் சொன்னதே இல்லை, அக்கா. சின்னப் பிள்ளையாக லிஃப்டில் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றபோது பார்த்திருப்பாள் போல. யார் யாருக்கோ முப்பத்தொரு வருஷம் கதவைப் பிடித்தவன், என் பெண் ஓடி வரும்போது மூடப் பார்த்திருக்கிறேன். எழுந்து போய், முடிவெட்டுகிறவரைத் தோளைத் தொட்டு நகர்த்திவிட்டு நான் நின்றேன். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும்.

பயம் போகவில்லை. போகவும் போகாது. அதனால் அவள், முன்வரிசையில் பன்னிரண்டு பேரை மட்டும் நிற்க வைக்கிறேன், அவர்களை மட்டும் பாருங்கப்பா என்றிருக்கிறாள். நீயும் அத்தானும் போக மீதிப் பத்துப் பேர். உனக்குத் தலைசுற்றல் வேண்டாம், ஏற்கெனவே வந்திருந்தால் உடனே எழுந்திரு. சனிக்கிழமை மாலை ஏழு மணி. நீ எதற்கும் நேரத்துக்குக் கிளம்புகிறவள் இல்லை, பரவாயில்லை, ஓடி வா. நான் ஒரு விநாடி பொறுத்துத்தான் அழுத்துவேன்.