சார்ஜென்ட் கிட்ரெலின் மூளைக்கு ஒரு பாராட்டு

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த உருப்படியான பொருள், அமெரிக்காவின் கேன்சஸில் எங்கள் முன்னாள் படைவீரர் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. 'ஆய்வு ஒருங்கிணைப்பாளர்' என்ற முறையில், வீரர்களின் தலையில் பசை தடவி, கம்பிகள் தொங்கும் குல்லாயை மாட்டிவிடுகிறவன் நான்தான். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் அல்லவா?

ஒருவருடைய மனச்சோர்வு மாத்திரைக்குக் கேட்குமா, கேட்காதா என்று மாதக்கணக்கில் விழுங்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வது காட்டுமிராண்டிக் காலத்து வழக்கம். எங்கள் கருவி மூளையின் மின்னலைகளைப் படித்துவிட்டு, முதல் மாத்திரை தொண்டையில் இறங்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடும். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாக இருக்கும். சரி என்று எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதற்கும் விஞ்ஞான முறை உண்டு. எட்டு வாரம் கழித்து, வெள்ளைக் கோட்டுடன் டாக்டர் அப்ஷா அம்மையார் எதிரே உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்.

இவ்வளவு பெரிய கருவிக்கு இடம் வேண்டுமே. ரூபன் ஒட்டேரோ என்ற மனநல ஆலோசகர் ஓர் அறையை வீணடித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமைதோறும் சில வீரர்களை வட்டமாக உட்கார வைத்து, கருகிய காப்பியும் டோனட்டும் கொடுத்துப் பேச விடுவார். பேசினார்கள், அழுதார்கள், ஒருவர் நாற்காலியை உதைத்தார். இதில் அளக்க என்ன இருக்கிறது? ஒட்டேரோவை விசிட்டா நகரத்துக் கிளைக்கு 'மேம்படுத்தி' அனுப்பிவைத்தோம். கருவி இன்னும் பார்க்காதவர்களையும், மாத்திரைக்குக் கேட்காது என்று அது சொன்னவர்களையும் மட்டும் எங்கள் வேன் அங்கே ஏற்றிக்கொண்டு போகும். கேட்கும் என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பேச்சு எதற்கு? அவர்களுக்கு மாத்திரை போதும்.

வெர்னான் கிட்ரெல் அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்து ஆள். ஈராக்கில் சார்ஜென்டாக இருந்தவர். கருவி அவர் மூளையைப் பார்த்துச் சொக்கிப்போய்விட்டது. 'நிச்சயம் கேட்கும்' என்று பச்சை விளக்கு எரிந்தது. வேனில் அதுவரை அவருக்கு இருந்த இடத்தை அன்றே எடுத்துவிட்டோம்.

எட்டு வாரம் கழித்து மனைவி ஜோலீனுடன் வந்தார். எங்கள் இயக்குநர் கர்னல் லாக்ரிட்ஜும் வந்திருந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்களை ஆள வந்தவர். பத்திரிகைக்குப் படம் எடுக்க ஒரு கேமராக்காரரும் தயாராக நின்றார்.

"எப்படி இருக்கீங்க, மிஸ்டர் கிட்ரெல்?" என்றார் டாக்டர் அப்ஷா.

கிட்ரெலின் முதுகு நிமிர்ந்தது. "நல்லா இருக்கேன், மேடம்!"

"பார்த்தீங்களா கர்னல்? கருவி எட்டு வாரத்துக்கு முன்னாடியே சொல்லிடுச்சு."

"நல்லா இருக்காராம்!" என்று ஜோலீன் பாய்ந்தாள். "ஏம்மா டாக்டர், யார் மேஜைக்குப் பின்னாடி உட்கார்ந்து கேட்டாலும் இந்த மனுஷன் இதைத்தான் சொல்வாரு. ஈராக்ல ரமாதியில காலு கிழிஞ்சு ஸ்ட்ரெச்சர்ல கிடந்தப்போ கேப்டன் வந்து கேட்டாராம். 'நல்லா இருக்கேன் சார்'னு சொன்னாராம். பூட்ஸ் நிறைய ரத்தம்!"

"அது பழைய தரவு, மிசஸ் கிட்ரெல்."

"புதுசு வேணுமா? கராஜ்ல காருக்குள்ள போய் உட்கார்ந்துக்கிறாரு. இறங்க மாட்டேங்கிறாரு. துப்பாக்கியை எல்லாம் என் தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் வச்சிருக்கேன். ஒட்டேரோகிட்ட பேசிட்டு வந்த அன்னிக்குத்தான் வாய் திறந்து ரெண்டு வார்த்தை, ரெண்டு வாய் சாப்பாடு. அந்த வேன்ல மறுபடி ஏத்துங்க. நான் வேற எதுவும் கேக்கல."

டாக்டர் பொறுமையாகப் புன்னகைத்தார். நோயாளியின் மனைவியைக் கேட்டா ஆராய்ச்சி நடக்கும்? கோழியைக் கேட்டா மசாலா அரைக்கிறார்கள்?

ஜோலீன் கர்னலிடம் திரும்பினாள். "சார், நீங்க ஒரு உத்தரவு போடுங்க. உண்மையைச் சொல்லுன்னு. உத்தரவுன்னா மீறவே மாட்டாரு."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து கர்னலின் உத்தரவை யாரும் மதித்ததில்லை, எங்கள் சிற்றுண்டிச்சாலையில்கூட. அவர் மார்பு விம்மியது. "சார்ஜென்ட் கிட்ரெல்! எப்படி இருக்கே? உண்மையைச் சொல்லு. இது உத்தரவு!"

கிட்ரெல் விறைப்பாக எழுந்து நின்றார். குதிகால் இரண்டும் ஒட்டின.

"நல்லா இல்ல, சார்! மாத்திரையை ஒரு வேளை விடாம முழுங்குறேன், சார்! ஒண்ணும் கேக்கல, சார்! காலையில கண்ணு முழிக்காமலே போயிட்டா தேவலைன்னு தோணுது, சார்! ஒட்டேரோகிட்ட மட்டும்தான் வாயில வார்த்தை வரும், சார்! அவர் காப்பியை மனுஷன் குடிக்க முடியாது, சார். ஆனா கேள்வி கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருப்பாரு. அவ்வளவுதான், சார்!"

கேமராக்காரர் கேமராவை இறக்கிவிட்டார். எனக்கு அவர் தோளில் கை வைக்கத் தோன்றியது. பணி நேரத்தில் அது முறையல்ல என்பதால் இருமிச் சமாளித்தேன்.

முதலில் தெளிந்தவர் டாக்டர் அப்ஷாதான். "கர்னல், இந்தப் பதில் செல்லாது. உத்தரவுக்குக் கட்டுப்பட்டு வந்தது. நோயாளி தானா மனசாரச் சொல்றதைத்தான் நாம எடுத்துக்கணும்."

"நியாயம்தான்" என்றார் கர்னல். "திரும்பக் கேளுங்க."

"மிஸ்டர் கிட்ரெல், உட்காருங்க. இங்க உங்களை யாரும் வற்புறுத்தல. சுதந்திரமா சொல்லலாம். எப்படி இருக்கீங்க?"

கிட்ரெல் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். ஜோலீன் அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் உதடு ஒரு முறை அசைந்தது. பிறகு முதுகு தானாக நிமிர்ந்தது.

"நல்லா இருக்கேன், மேடம்!"

கேமரா மின்னியது.

"இவர் 'நல்லா இருக்கேன்'னு சொல்வாருன்னு கண்டுபிடிக்க எதுக்கும்மா இத்தனை கம்பி?" என்றாள் ஜோலீன். "என்கிட்ட கேட்டிருந்தா ஒரு கப் காப்பிக்குச் சொல்லியிருப்பேனே!" புருஷனைக் கைப்பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் வேன் நின்றது. அதைத் தாண்டி நடந்தார்கள்.

கருவியின் மகிமை எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. அதற்குப் பாடம் கற்பித்ததே முன்பு இதே நாற்காலியில், இதே வெள்ளைக் கோட்டின் முன்னால் உட்கார்ந்த வீரர்களின் பதில்கள்தானே? யாருக்குத் துக்கம் தீரும் என்பதை அது படிக்கவில்லை. துக்கத்தை அதிகாரி முன்னால் வெளியே விடாதவர் யார் என்பதைப் படிக்கிறது. அதில் அநேகமாகப் பிழையே செய்வதில்லை. இதே கருவியை இன்னும் பல மருத்துவமனைகளில் வைக்கப் போகிறார்கள். பல அறைகள் காலியாகும்.

நாட்டுக்காகச் சாகச் சொன்னோம், "சரி, சார்" என்றார்கள். இப்போது சத்தமில்லாமல் சாகச் சொல்கிறோம். யார் யார் நம் பேச்சைத் தட்ட மாட்டார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் இத்தனை விஞ்ஞானமும்.