அரை ஸ்டாப் குறைத்து எடுத்த சுவர்

ரெட்டைக்கண்ணருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே கேமராவால்தான். அதற்கு இரண்டு லென்ஸ். ஒரே காட்சி இரண்டு படமாக விழும். பார்க்கும் பெட்டியில் செருகி இரு கண்ணையும் வைத்தால், படத்தில் இருப்பவர் மூக்கு நம் மூக்கை இடிக்க வரும்.

இந்த லீவு முழுவதையும் கேமராவுக்கே தாரைவார்ப்பதென்று சபதம் எடுத்திருந்தார். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஹால் பெயிண்ட்? அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஃபிலிம் சுருள் வெளிறிப்போய் வந்தது. மனைவியின் சிவப்புச் சால்வை ரோஸாகியிருந்தது.

"உங்க சாயம் வெளுத்துப்போச்சே!" என்றாள்.

"இது ஸ்லைடு ஃபிலிம் ஆச்சே. வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் நிறம் ஓடிடும். வெளிச்சத்தை அரை ஸ்டாப் குறைச்சு எடுக்கறேன், பாரு. அப்படியே சொட்டும்!"

அடுத்த சுருளில் சொட்டியது. புகைப்படச் சங்கத்துப் போட்டிக்கு அனுப்ப இதுதான் என்று துள்ளினார். மனைவி பெட்டிக்குள் பார்த்தாள்.

"அடேயப்பா, என்ன சிவப்பு! நான்கூட அழகாத்தான் இருக்கேன்."

"நீ எப்பவுமே அழகுதான்" என்று சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிவந்தார்.

"பின்னாடி சுவர்ல அந்த எண்ணெய்க் கறையும் எழும்பி நிக்குது. கையால தொட்டுடலாம் போல."

பிடுங்கிப் பார்த்தார். நின்றது.

"நடுவருங்க கண்ணுல அதுதான் முதல்ல படும், இல்லே?" என்றாள் அப்பாவியாக.

மறுநாளே சுவருக்கு நீலம் அடித்தார். சிவப்புக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்றது அவள்தான். மறுபடி எடுத்தார். இம்முறை முகத்தில் பாதி கன்னங்கரேலென்று இருந்தது.

"காண்ட்ராஸ்ட்! இந்த ஃபிலிம் நிழலை அப்படியே முழுங்கிடுது" என்று முனகினார்.

"எதிர்ச் சுவரை வெள்ளையா அடிச்சா வெளிச்சம் திரும்பி முகத்துல விழுமோ? எனக்கென்ன தெரியும், சும்மா கேட்டேன்."

'இது எனக்குத் தோணாமப் போச்சே!' என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு சுவரில் அடித்தார். அந்த வேகத்தில் மேல்கூரையையும் அடித்து, ஜன்னல் கண்ணாடியையும் துடைத்துவிட்டார்.

கடைசிப் படம் அற்புதம். தலைமுடியெல்லாம் பெயிண்டாக, பெட்டிக்குள் அவள் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டித் தொடும் தூரத்தில் இருந்தது. முதுகுவலிகூட மறந்துபோனது.

வாசலில் பக்கத்து வீட்டம்மாவின் குரல் கேட்டது.

"ஹால் ஜொலிக்குதே! ஆள் வெச்சு அடிச்சீங்களா?"

"ஆள் எதுக்குக்கா? இவர் என்னை ஃபோட்டோ எடுத்தார், அவ்வளவுதான்."

பக்கத்து வீட்டம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அந்தக் கேமரா எந்தக் கடையில கிடைக்கும்? எங்க சமையலறை ரொம்ப மோசமா இருக்கு."