ரிகர்சல் சாரும் முடியாத பாவும்

நாட்டில் எல்லோரும் ஒரு தடவைதான் ரிடையர் ஆவார்கள். ஐம்பது தடவைக்கு மேல் ரிடையர் ஆகி, ஒவ்வொரு தடவையும் மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து எங்கள் ரிகர்சல் சார்தான்.

ஆரணியில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தின் பெயர் வேண்டாம். என்னுடைய பென்ஷன் ஃபைல் இனிமேல்தான் அங்கே நகர வேண்டும். அங்கே எனக்கு எதிர் சீட்டில் இருந்தவர் அவர். பட்டுத்தறிக் குடும்பத்தில் பிறந்தும் தறிக்குழியில் ஒரு நாளும் கால் வைக்காமல், படித்து, பரீட்சை எழுதி, கிளார்க் ஆனவர். அவர் மனைவி வசந்தா அக்கா வீட்டிலேயே பட்டுச்சேலை நெய்கிறவர். ஆக, அந்த வீட்டில் வேலை பார்த்தது இரண்டு பேர். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரிகர்சல் சாருக்கு மட்டும் தெரியாமல் போனதுதான் இந்தக் கதை.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் பழைய சூப்பரின்டெண்ட். மாலை மரியாதையோடு அவரை அனுப்பி வைத்தோம். மறுநாள் பத்து மணிக்கு வந்துவிட்டார். ஏதோ மறந்து வைத்துவிட்டார் போல என்று நினைத்தோம். மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பையோடு வந்தார். புது ஆள் சீட்டில் இருந்ததால் பீரோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு மணிக்கு எலுமிச்சை சாதம் சாப்பிட்டு, ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிப் போனார். பாவம், வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு ரிகர்சல் சார் என்னிடம் சொன்னார்: "பாத்தியாப்பா? துட்டு சேக்கறதுக்கு ஆயிரம் பேர் யோசனை சொல்றாங்க. ரிடையர் ஆனப்புறம் காலையில எழுந்து இன்னா பண்றதுன்னு எவனாவது சொல்லிக் குடுத்தானா? கல்யாணத்துக்கு மோளம் அடிக்கிறவன்கூட ஒருவாட்டி அடிச்சிப் பாத்துட்டுதான் வர்றான்."

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது. இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறது. அடுத்த வாரமே ஒரு லீவ் லெட்டர் கொடுத்தார். 'நாளை ஒரு நாள் மட்டும் பணி ஓய்வு பெற இருப்பதால் தற்செயல் விடுப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

ஆபீசர் கூப்பிட்டு விட்டார். "இன்னாங்க இது? ஒரு நாளைக்கு மட்டும் எப்படிங்க ரிடையர் ஆவறது?"

"ரிகர்சல் சார். மறுநாள் டூட்டியில ஜாயின் பண்ணிடுவேன்."

ஆபீசர் காரணத்தை அடித்து 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பெற்றோர் வைத்த பெயர் போய் ரிகர்சல் சார் ஆனார். மாதம் ஒரு லீவ், மாதம் ஒரு ஓய்வு.

அந்த ஒரு நாளுக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் டைம்டேபிள் இருந்தது. காலையில் நடை, பத்து மணிக்குப் பேப்பர், பகல் இரண்டிலிருந்து மூன்றரை வரை தூக்கம், மாலையில் 'சும்மா இருத்தல்'. சும்மா இருப்பதற்கும் நேரம் குறித்த ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் குடையை ஊன்றி மெதுவாக நடப்பார். "இன்னா சார், கால்ல அடியா?" என்றால், "இல்லப்பா, இன்னிக்கு எனக்கு அறுபத்திரண்டு வயசு" என்பார். மறுநாள் ஆபீஸ் படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறுவார்.

கோட்டை மைதானத்தில் காலையில் நடக்கிற பென்ஷன்காரர்கள் கூட்டம் ஒன்று உண்டு. அதில் சேரப் போனார்.

"சுகர் எவ்ளோ இருக்குது?" என்று கேட்டார்கள்.

"சுகர் இல்லீங்க."

"பிரஷர்?"

"அதுவும் இல்லீங்க."

"மூட்டு வலியாவது?"

அதுவும் இல்லை என்றதும், பெஞ்சில் அவருக்காக நகர்ந்தவர்கள் பழையபடி பரவி உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த மாதம் சார் முட்டிக்கு ஒரு பெல்ட் வாங்கி மாட்டிக்கொண்டு போனார். உடனே இடம் கிடைத்தது. வலிக்குத் தைலம்கூடக் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து என் தலைவலிக்குக் கொடுத்தார்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை அரசு கருவூலத்துக்கு நேரில் போய், விரல் ரேகை வைத்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். சார் அதையும் ஒத்திகை பார்க்கப் போனார். கவுன்டரில் இருந்தவரிடம், "நான் உயிரோட இருக்கனான்னு இப்பவே ஒருவாட்டி செக் பண்ணிச் சொல்லிடுங்க தம்பி. பின்னாடி பேஜாரா பூடக்கூடாது" என்றாராம்.

கவுன்டர்காரர் கேட்டார்: "நீங்க இப்போ சம்பளம் வாங்கறீங்களா, பென்ஷனா?"

"சம்பளம்."

"சம்பளம் வாங்கறவங்க உயிரோட இருக்காங்களான்னு கவர்மென்ட் கேக்கறதில்ல சார். ரிடையர் ஆயிட்டு வாங்க."

இதெல்லாம் போகட்டும். திட்டத்தின் தலைமை விஷயம் சந்தவாசல் பக்கத்தில் அவர் வாங்கிப் போட்ட மனை. பி.எஃப்-இல் லோன் போட்டு அதில் இரண்டு ரூமோடு ஒரு வீடும் கட்டிவிட்டார். ஜன்னலைத் திறந்தால் மலை. வாசலில் எலுமிச்சைச் செடி. ரிடையர் ஆன மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் அங்கே குடிபோவதாக நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். வசந்தா அக்காவிடம் சொல்லும்போதெல்லாம் அக்கா ஒரே பதில்தான் சொல்வார்: "பாவு முடியட்டும், பாத்துக்கலாம்."

எங்கள் ஊரில் இந்தப் பதிலுக்கு மேல் அப்பீல் கிடையாது. பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவில் மூன்று சேலை வரும். பாவு ஓடும்போது தறியைப் பிரிக்க மாட்டார்கள். வீடு மாற மாட்டார்கள். வீட்டுக்காரரே காலி பண்ணச் சொன்னாலும், "பாவு இருக்குதுங்க" என்றால் சரி என்று போய்விடுவார். ஆனால் பாவு முடிகிற சமயத்தில் அதன் வால் நுனியில் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழை. அப்புறம் அது ஓடும். அதாவது, நெய்கிறவர் நினைத்தாலொழிய பாவு முடியவே முடியாது. தறிக்காரர் மகனான சாருக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனாலும் 'பாவு முடியட்டும்' என்பதைச் சம்மதம் என்றே ஐந்து வருஷமும் எடுத்துக்கொண்டார்.

கடைசி வருஷத்தில் குடிபோவதற்கும் ஒரு ரிகர்சல் வைத்தார். குட்டியானை வண்டி பிடித்து, கட்டில், பீரோ, மிக்சி, சாமி படம் எல்லாவற்றையும் ஏற்றினார். கூட நான். அக்கா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. "போயிட்டு வாங்க. வரும்போது கட்டிலைப் பழைய இடத்துலயே போடுங்க" என்றார்.

வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்காது, செய்தி பரவிவிட்டது. சார் சாமானை வாரிக்கொண்டு தனியாகப் போகிறார், இந்த வயசில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று. வந்தவாசியில் கட்டிக்கொடுத்த மகள் போனில் அழுதாள். "அப்பா, அம்மா இன்னா சொல்லியிருந்தாலும் மனசுல வச்சிக்காதீங்க." சார் வண்டிச் சத்தத்தில் கத்தினார்: "சண்டை இல்லம்மா, ரிகர்சல்!" எதற்கு ரிகர்சல் என்று புரியாமல் மகள் இன்னும் சத்தமாக அழுதாள்.

சந்தவாசலில் சாமானை இறக்கி, தயிர் சாதம் சாப்பிட்டோம். இரண்டு மணி. டைம்டேபிள்படி சார் படுத்தார். தூக்கம் வரவில்லை. கட்டில் திசை சரியில்லை என்றார். வடக்கே திருப்பினோம். வரவில்லை. கிழக்கே திருப்பினோம். நாலு திசையும் பார்த்து என் இடுப்பு கழன்றது. சார் எழுந்து உட்கார்ந்து காதைத் தேய்த்துக்கொண்டார்.

"இன்னாப்பா இது, சத்தமே இல்லியே?"

"சத்தம் இல்லேன்னுதானே சார் இங்க வீடு கட்டினீங்க?"

"அது சரி. நீ ஒண்ணு பண்ணு. அந்தக் கதவைக் கொஞ்சம் தட்டிக்கினு இரேன். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம். ரெண்டு தட்டு, ஒரு நிறுத்தம்."

தட்டினேன். அது தறி அடிக்கிற தாளம் என்று ஐந்தாவது தட்டில் எனக்கே புரிந்தது. பத்தாவது தட்டில் சார் குறட்டை விட்டார். நிறுத்தினால் விழித்துக்கொண்டார். மூன்றரை மணி வரை, அரசாங்கத்தில் நிரந்தரப் பணியில் இருக்கும் நான், தோசைத் திருப்பியை வைத்துக்கொண்டு கதவைத் தட்டினேன். திரும்பி வரும்போது, அவரைத் தூங்க வைத்தது தறிச் சத்தம்தான் என்று சாரிடம் சொன்னேன். "அதெல்லாம் பழக்கம்ப்பா. போகப் போக சரியாப்பூடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக வந்தது. இந்த மனுஷன் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்துவிட்டு, அங்கே போய்த் தூங்காமல் சாகப்போகிறாரே என்று.

ரிடையர்மென்ட் நாளும் வந்தது. மாலை போட்டோம், சால்வை போர்த்தினோம், லட்டும் மிக்சரும் கொடுத்தோம். "ஏற்கெனவே பழக்கப்பட்டவர்" என்று ஆபீசர் பேசியதற்கு நல்ல கைதட்டல். வழக்கப்படி மாலையோடு அவரைக் காரில் ஏற்றி வீட்டில் விடப் போனோம். சார் குஷியாக இருந்தார். சேலைக்கு இத்தனை நாள் என்று கணக்குப் போட்டு, பாவு முந்தின நாளோடு முடிந்திருக்கும் என்று கண்டுபிடித்திருந்தார். காலை ஏழு மணிக்குக் குட்டியானை வரச் சொல்லியாகிவிட்டது.

உள்ளே போனால் வசந்தா அக்கா தறியில் உட்கார்ந்து புதுப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். அரக்கு நிறப் பாவு. இழை வழுக்காமல் முறுக்க விரல் நுனியில் சாம்பல். நிமிர்ந்து பார்க்கவில்லை.

சார் மாலையோடு நின்றார். "இன்னா வசந்தா இது? நாளைக்கு வண்டி வருதே!"

"நேத்து கடைசி சேலையைத் தறியிலேருந்து அறுத்து எடுத்துட்டேன். காலையிலயே புதுப் பாவு வந்துடுச்சி."

"அஞ்சு வருஷமா பிளான் பண்ணிக்கினு இருக்கேன் நான்!" சார் கோபத்தில் கத்தி நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா கையை நிறுத்தினார். "பண்ணீங்க. மைதானத்துக்குப் போயி கேட்டீங்க. கருவூலத்துக்குப் போயி கேட்டீங்க. கவுன்டர்ல இருக்கிறவனைக்கூடக் கேட்டீங்க. வசந்தா, நீ வேலையை விட்டுட்டு வர்றியான்னு என்னை ஒருவாட்டி கேட்டீங்களா? உங்களுக்கு அறுபது வயசாச்சி, மாலை போட்டு அனுப்பிட்டாங்க. நான் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து நெய்யறேன். என்னை யாரு அனுப்பினாங்க?"

லட்டுப் பையோடு வந்திருந்த நாங்கள் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்தோம். சார் தறியைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர் தறியைப் பார்த்தே முப்பது வருஷம் இருக்கும். நாங்கள் நழுவுவதற்குள் அக்காவே சொன்னார்: "இழை எடுத்துக் குடுக்கற பொண்ணு இன்னிக்கு வரல. நீங்க சும்மாதானே இருக்கீங்க? மாலையைக் கழட்டிட்டு வந்து உக்காருங்க."

சார் மாலையைக் கழற்றித் தறிக்கம்பத்தில் மாட்டினார். ஆபீஸ் பேன்ட்டோடு எதிரே உட்கார்ந்தார். சாம்பலில் விரலைத் தொட்டுக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்: "தப்பாயிடுமோன்னு இருக்குது. ஒரு ரிகர்சல் பாத்துக்கட்டுமா?"

"இதுக்கு ரிகர்சல் கிடையாது. எடுங்க."

எடுத்தார். மறுநாள் காலை வந்த குட்டியானைக்காரர், ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. சந்தவாசல் வீட்டில் ஒரு வாத்தியார் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சார் இப்போது பிணைப்பதில் கெட்டிக்காரர். அக்கம்பக்கத்திலிருந்தும் கூப்பிட வருகிறார்கள். நடைக்கும் பேப்பருக்கும் நேரம் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் இழை எண்ணிக்கைதான் எழுதியிருக்கிறது. பகல் தூக்கம் மட்டும் தறிக்குப் பக்கத்திலேயே, இரண்டிலிருந்து மூன்றரை வரை, அக்கா நெய்யும்போது.

போன மாதம் உயிரோடு இருப்பதைக் காட்டப் போகும்போது துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். விரலை வைத்தார். மெஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தார், தண்ணீர் தொட்டு வைத்தார், பத்து விரலையும் வைத்தார். இழையும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து ரேகையே போயிருக்கிறது. அதே கவுன்டர்காரர்தான். "சார், மெஷின் உங்களை ஒத்துக்கலையே" என்றார்.

சார் என் பக்கம் திரும்பினார். "அப்பவே ஒரு ரிகர்சல் பாக்கறேன்னு சொன்னேன். வுட்டானா?"

அவரை நன்றாகத் தெரிந்த அரசு ஊழியர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் இப்போதைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார் கவுன்டர்காரர். முப்பது வருஷத்தில் எத்தனையோ சான்று எழுதியிருக்கிறேன். அதில் பாதியை மனசார எழுதவில்லை. இதை உட்கார்ந்து நிதானமாக எழுதினேன். 'இவரை நான் நன்கு அறிவேன். இவர் உயிரோடு இருக்கிறார். சந்தோஷமாகவும் இருக்கிறார்.'

கடைசி வரிக்கு ஃபார்மில் இடம் இல்லை என்றார் கவுன்டர்காரர். பரவாயில்லை என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.