வெள்ளரிக்காயின் கண்ணீர்

“அம்மா, வெள்ளரிக்காய்க்குக் கண்ணு எங்க கீது? எதால அழுவுது?”

சின்னப்பெண் பத்மினி இப்படிக் கேட்டதும் கூட்டமே “உஷ்!” என்றது. வெள்ளரிச் சாமியின் பந்தலில் குழந்தைகள் யோசிக்கக் கூடாது. பெரியவர்கள் அந்தத் தப்பைச் செய்வதே இல்லை.

வெள்ளரிச் சாமி என்கிற நாகபூஷணம் விஜயபுரம் பஸ் நிறுத்தத்தில் பந்தல் போட்ட நாளிலிருந்து, எதிரிலிருந்த எஸ்டிடி பூத்துக்குக் குவைத்திலிருந்து ஒரு போனும் வரவில்லை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருந்த தாய்மார்கள் பயந்து சாமியிடமே ஓடினார்கள். வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவர் பேருக்கும் ஒரு வெள்ளரித் துண்டு வைத்து, திருநீறு பூசி, நீளமாக மந்திரம் சொல்வார். எந்தத் துண்டு நீர் விடுகிறதோ அவள்தான் பீடை. அவள் நகையைச் சாமி வாங்கிக்கொள்வார். பாவம், எத்தனை பீடையைத்தான் தாங்குவார்!

சுந்தரம்மாவின் துண்டு காய்ந்திருந்தது. மருமகள் ரேகாவின் துண்டு அழுதது.

“உம்புள்ள சுரேஷ்பாபு போன் பண்ணாததுக்கு இவதாம்மா காரணம். நகைய இங்க வச்சிட்டு இப்பவே தாய்வீட்டுக்குப் போவட்டும். கொழந்த உங்கிட்டயே இருக்கட்டும்.”

சுந்தரம்மா வீட்டுக்குப் போய் மருமகளின் புடவைகளைப் பெட்டியில் திணித்து எடுத்துவந்தாள். போன மாதம் காய்ச்சலில் கிடந்த அவள் துணிகளைத் துவைத்தது ரேகாதான். அதை வெள்ளரிக்காய் சொல்லவில்லை.

அப்போதுதான் ரேகாவின் மகள் பத்மினி அந்தக் கேள்வியைக் கேட்டாள். ரேகா தன் துண்டைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. மாமியாரின் துண்டிலிருந்து வந்தது வெறும் சாம்பல் ருசி.

“சாமி, ரெண்டு பையில திருநீறு வச்சிக்கினு கீறீங்க. எனக்குப் பூசின பையிலருந்து உங்க பேருக்கும் ஒரு துண்டுல பூசுங்க.”

“சாமியவே சோதிக்கிறியாடி?”

“நீங்க என்னச் சோதிச்சீங்களே!”

கூட்டத்துக்கு இந்த வேடிக்கை பிடித்துப்போயிற்று. யாரோ பையைப் பிடுங்கிப் பூசினார்கள். மந்திரம் இல்லாமலே சாமியின் துண்டு தாரை தாரையாக அழுதது.

“உப்புதான். இன்டர் காலேஜ்ல படிச்சிகீறேன். காய்க்குள்ள மெல்லிசா சவ்வு கீது. மேல உப்பு பட்டா, உள்ள இருக்கிற தண்ணி அது வழியா வெளிய வந்துடும். ஊறுகாய் மாங்காய்க்கு வருசா வருசம் உப்பு போடுறீங்களே, அது யாருக்காக அழுவுது?”

வருடா வருடம் ஊறுகாய் போட்ட கைகளெல்லாம் முந்தானைக்குள் ஒளிந்தன.

சாமி நகைகளை விட்டுவிட்டு ஓடினார். கூட்டம் பந்தல் கம்பைப் பிடுங்கினால், அதன் நுனியில், மண்ணுக்கடியில் பூத்துக்குப் போகும் டெலிபோன் ஒயர் அறுந்து தொங்கியது!

கடவுள் நமக்கு அறிவைக் கொடுத்தது, கண்டவன் தட்டில் காணிக்கையாக வைப்பதற்கில்லை.

மாலையில் ரேகா குழந்தையோடு கடைக்குப் போயிருந்தாள். சுந்தரம்மா பெட்டியைத் திறந்தாள். கசங்கிய புடவைகளைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய் ஒவ்வொன்றாகத் துவைத்து, உதறிக் கொடியில் போட்டாள். ஏழுமலையானைத் தவிர யாரும் பார்க்கவில்லை.